நொய்

சால்மியா. ஆகஸ்ட்.
கம்பிரஸர் எரிந்துபோன தையற்கடை.
வேலைச்சீட்டில் எழுதப் பெயர் கேட்டேன்.
நோய், என்றாள்.
உடம்புக்கு என்ன என்று நான் பதற,
நெஞ்சைத் தொட்டு மறுபடி சொன்னாள்.
கட்டைவிரலும் சுட்டுவிரலும் இத்துனூண்டு விலக்கிக் காட்டினாள்.
அவள் பாஷையில் சின்னது என்று பொருளாம்.
அப்படியானால் நொய்.
உடைந்த அரிசிக்கு எங்களிடம் அதுதான் பேர்.
குறிலாக்கி எழுதிக்கொண்டேன்.

புதுசு மாட்டி, கேஸ் ஏற்றி,
மொட்டைமாடியிலிருந்து இறங்கியபோது
சட்டையில் உப்புப் பூத்திருந்தது.
பெப்ஸி வரும் என்று பார்த்தால்
திரைக்குப் பின்னால் அடுப்பு மூட்டுகிறாள்,
ஐம்பது டிகிரி வெயிலில்.

பையிலிருந்து வந்தவை காய்ந்த வில்லைகள்.
ஓரமெல்லாம் மரம்,
நடுவே விதைக்குழிகள், வண்டிச் சக்கரத்து ஆரங்களைப் போல.
எண்ணெய் விடாமல் வறுத்தாள்.
ஊதுபத்திக்கும் கருப்பட்டிக்கும் நடுவிலுள்ள
ஒரு வாசம் எழும்வரை வறுத்தாள்.
அப்புறம்தான் தண்ணீர்.
ஐந்து வில்லைக்கு ஒரு லிட்டர்,
முடிச்சுப் போட்ட ரம்பை இலை ஒன்று.
தீயை ஒடுக்கிவிட்டு மிஷினுக்குப் போனாள்.
ஓர் அபாயாவின் கரையை மடித்துத் தைத்து முடித்து வந்தாள்.
அவ்வளவு நேரம் கொதிக்கவேண்டும் போல.
கல்கண்டு, கடைசியில்.

மத்தூம், என்றாள்.

துவர்ப்பு முதலில் வந்து நாக்கைப் பிடித்தது.
இனிப்பு அதன் முதுகுக்குப் பின்னால் நின்றது.
குடித்ததில்லை. ஆனால் தெரியும் இதை.
பிரதோஷ நெரிசலில்
இலையாகக் கைநீட்டி வாங்கியிருக்கிறேன்,
ஓட்டை உடைத்து உள்ளே இருப்பதை யாரும் தந்ததில்லை.
தேமா புளிமா கருவிளம் கூவிளம்
என்று பிரம்புக்குப் பயந்து ஒப்பித்தேனே, அந்தக் கூவிளம்.
நேர் நிரை என்பதோடு விட்டுவிட்டார்கள்.
சாறு இருப்பதை வாய்பாடு சொல்லவில்லை.

இதை அவளிடம் எப்படிச் சொல்ல?
எங்களுக்கு நடுவில் இருபது சொல் அரபி,
அதில் பாதி விலை பேச.
ஸேன், என்றேன்.
ஸேன், என்றாள்.
மிச்சப் பையை மடித்துத் தந்து
கலாஸ்? தால், என்றாள்.
தீர்ந்தால் வா.

மஹ்பூலா கேம்ப், அறை பதினேழு.
வெள்ளிக்கிழமை வறுத்தேன்.
கொதித்தது, சிவந்தது.
பாட்டிலில் ஊற்றினால்
இந்த நாட்டில் போலீஸுக்குப் பிடிக்காத சிவப்பு.
சந்தியாகு கதவைச் சாத்தினான்.
சாத்தியதுதான் தப்பு.

முதீர் ஸப்ரி வந்தார்.
மூடி திறந்து மோந்தார், என்னை ஊதச் சொன்னார்.
சிவபெருமானில் தொடங்கினால் விடிந்துவிடும்.
ஒரு டம்ளர் நீட்டினேன்.
குடித்தார். மீசையைத் துடைத்தார்.
சர்க்கரை போதாது, என்றார்.
பேரென்ன?

கூவிளமும் வரவில்லை, மத்தூமும் வரவில்லை.
நொய், என்றேன்.

இப்போது கேம்ப் முழுக்க அதுதான் பேர்.
வயிறு கலங்கினால் ரஃபீக்குல் வந்து நிற்கிறான்:
நொய் இருக்கா பாய்?
போட்ட வில்லையிலேயே இரண்டாம் தண்ணீர் விடுகிறோம்.
அதுவும் சிவக்கிறது, கொஞ்சம் சோம்பலாக.
மூன்றாவது வேண்டாம்,
அது வெறும் மரம்.

அவளுக்கு இதெல்லாம் தெரியாது.
போய்ச் சொல்லலாம்தான்.
அந்தக் கம்பிரஸரைக்
கொஞ்சம் நன்றாகவே மாட்டித் தொலைத்துவிட்டேன்.
செப்டம்பர் முடிந்தது, ஒரு புகாரும் இல்லை.
பையில் இன்னும் பதினொரு வில்லை.

இன்று ஐந்துக்குப் பதில்
ஏழு போட்டேன்.